அம்மாவின் கண் சொட்டு மருந்தை நாய்க்குப் போடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஆறு வயது நாட்டு நாய். இடது கண் மூன்று நாளாகச் சிவந்திருக்கிறது, மஞ்சளாகப் பீளை தள்ளுகிறது. நேற்றிலிருந்து அந்தக் கண்ணைப் பாதிதான் திறக்கிறான், கறுப்பு முழியின் மேல் நீலப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. அப்பா பழம் வெட்டப் போகும்போது கூடவே செம்பனைக்குள் ஓடுகிறவன். இது என்ன நோய் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரிகளில் இருக்கிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் அடுத்த வாரம் சம்பளம் வந்ததும் ஈப்போவுக்குக் கொண்டுபோகலாமா என்கிறீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டுமா என்ற பயமும் கூட.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மருந்தைப் போடாதீர்கள். அடுத்த வாரம் வரை பொறுக்கவும் வேண்டாம், நாளைக்கே காட்டுங்கள். குழந்தைக்கு ஒட்டும் என்று பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. காரணம் கொஞ்சம் நீளமானது.

நான் செர்டாங்கில் கால்நடை மருத்துவம் படித்தவள். இருபது வருடத்துக்கு மேலாகச் சுங்கை சிப்புட்டில் நாய் பூனைகளைப் பார்த்து வருகிறேன். கண்ணுக்கென்று தனியாகச் சிறப்புப் படிப்பு படிக்கவில்லை, சிக்கலான கண்களை நானே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன். எழுத்தில் வந்த அறிகுறிகளை வைத்து இந்தக் கண்ணுக்கு ஒரு நோய்ப் பெயர் வைக்க என்னால் முடியாது. படம் அனுப்பினாலும் முடியாது. எதெல்லாம் இருக்கலாம், எதைச் செய்தால் கண் போகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

சிவந்த கண்ணைப் பார்த்ததும் நாம் எல்லாவற்றையும் 'கண்வலி' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவோம். மனிதர்களிடம் அது பெரும்பாலும் செல்லுபடியாகும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு வாரத்தில் பாதி வகுப்புக்கு வந்துவிடும், பிறகு தானாகவே போய்விடும். முன்பு தோட்டத்து டிரெசரும் யார் போனாலும் ஒரே களிம்பைத்தான் கொடுப்பார், அதுவும் வேலை செய்தது. நாய்களிடம் இந்தக் கணக்கு ஓடாது. கிருமி தானாக வந்து நாயின் கண்ணைச் சிவக்க வைப்பது குறைவு. முதலில் வேறு ஏதோ ஒன்று கண்ணைக் கெடுக்கிறது. முள் குத்தியிருக்கலாம், கண்ணீர் வற்றியிருக்கலாம், இமை உள்பக்கம் மடங்கி முடி உரசிக்கொண்டிருக்கலாம், தூசியோ புகையோ ஒவ்வாமையோ இருக்கலாம். கெட்ட இடத்தில் கிருமி பிறகுதான் குடியேறுகிறது. அதனால் பீளை மஞ்சளாக இருந்தால் கிருமி வந்துவிட்டது என்று தெரியும், எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரியாது. வாசலை மூடாமல் மருந்து மட்டும் போட்டால் நான்கு நாள் நன்றாக இருந்து மறுபடியும் பீளை தள்ளும். தடுப்பூசி போடாத குட்டிக்கு இரண்டு கண்ணிலும் பீளை, மூக்கில் சளி, இருமல், காய்ச்சல் என்று சேர்ந்து வந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும். உங்கள் நாய் வளர்ந்தவன், ஒரு கண்ணில்தான் தொந்தரவு, ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

என்னைக் கவலைப்பட வைத்தது சிவப்போ பீளையோ இல்லை. கண்ணைப் பாதி மூடுகிறான் என்பதும், நீலப் புகை என்பதும்தான். நாய் கண்ணைச் சுருக்கினால் வலி என்று பொருள். வெறும் மேலோட்டமான அழற்சிக்கு நாய் கண்ணை மூடிக்கொண்டு உட்காராது, முன்காலால் தேய்த்துவிட்டு வழக்கம்போலத் திரியும். நீலம் இன்னும் முக்கியம். கறுப்பு முழிக்கு முன்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது, மருத்துவத்தில் கார்னியா என்போம். அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அதற்குள் தண்ணீர் ஊறாமல் இருக்கிற வரைதான் அது தெளிவாக இருக்கும். மேல்தோல் கிழிந்தாலோ உள்பக்கத்து அடுக்கு பழுதானாலோ தண்ணீர் உள்ளே ஊறும், ஊறிய இடம் நீலப் புகையாகத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் 'பூ விழுந்துவிட்டது' என்பார்கள். பூ என்பது ஆறிப்போன புண்ணின் வெள்ளைத் தழும்பு. உங்கள் நாய்க்கு இருப்பது இன்னும் ஆறாத நிலை, இப்போது கவனித்தால் பூ விழாமலே தப்பிக்கலாம்.

வலியும் நீலமும் சேர்ந்து வந்தால் மூன்று சாத்தியங்களை மனதில் வைக்க வேண்டும். கார்னியாவில் புண், கண்ணுக்குள்ளே அழற்சி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப்போவது. இரண்டாவதை யுவைட்டிஸ் என்றும் மூன்றாவதைக் கிளாக்கோமா என்றும் சொல்கிறோம். மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். கிளாக்கோமாவில் கண் பாப்பா, அதாவது முழியின் நடுவில் உள்ள துளை, விரிந்து நிற்கும், யுவைட்டிஸில் சுருங்கிப்போகும் என்று புத்தகத்தில் படித்தோம். ஆனால் புகை மூடிய கண்ணில் பாப்பாவைப் பார்ப்பதே சிரமம். கிளாக்கோமாவாக இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே பார்வை திரும்பாமல் போய்விடக்கூடும். நாளைக்கே என்று நான் அவசரப்படுத்துவது இதனால்தான். உங்கள் வர்ணனைக்கு எது பொருந்துகிறது என்று என் மனதைக் கேட்டால், புண் என்றுதான் சொல்லும். செம்பனைக்குள் ஓடுகிற நாய், ஒரே கண், திடீரென்று ஆரம்பம். ஆனால் இது ஊகம், இதை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இருக்கும் முள்ளைப் பற்றி உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலுக்குள் எலியைத் துரத்திக்கொண்டு தலையை விடும் நாய்க்கு அந்த முள் நேராகக் கண்ணில்தான் ஏறும். இன்னொன்று ஒட்டுப்புல். மலாயில் கெமுன்சூப் என்பார்கள், திடலில் நடந்து வந்தால் கால்சட்டை முழுக்க ஒட்டிக்கொள்ளுமே, அந்த விதை. நாய்க்கு நமக்கு இருப்பது போல இரண்டு இமை மட்டும் இல்லை. மூக்குப் பக்கத்து மூலையில் மூன்றாவது இமை ஒன்று உண்டு. இந்த விதை அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. கண் சிமிட்டும் ஒவ்வொரு தடவையும் கார்னியாவை அது சுரண்டிக்கொண்டே இருக்கும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு வேட்டை நாய்க்குக் கண்ணில் புண். மருந்து கொடுத்தேன், ஒரு வாரத்தில் ஆறவில்லை. கிருமி பிடிவாதமானது என்று நினைத்து மருந்தை மாற்றினேன். மூன்றாவது வாரம் என்னைவிட மூத்த மருத்துவர் ஒருவர் எதேச்சையாக வந்தார். மயக்கச் சொட்டு ஊற்றி, மூன்றாவது இமையை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு விதை, பச்சை நிறம்கூட மாறாமல். அதை எடுத்த ஐந்தாம் நாள் புண் ஆறிவிட்டது. சாதாரண மேலோட்டமான புண் ஒரு வாரத்துக்குள் ஆற வேண்டும். ஆறவில்லையென்றால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்றிலிருந்து மூன்றாவது இமையைத் தூக்கிப் பார்க்காமல் எந்தச் சிவந்த கண்ணையும் நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை. நீங்கள் போகும் மருத்துவரிடமும் 'இமைக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் டாக்டர்' என்று தயங்காமல் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, அம்மாவின் மருந்துக்கு வருகிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுக்கும் சொட்டுகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பாட்டிலில் டெக்சாமெத்தசோன் என்றோ பிரெட்னிசோலோன் என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். அறுவை செய்த கண்ணில் வீக்கத்தை அடக்க அது அருமையான மருந்து. புண் உள்ள கார்னியாவில் அதுவே எதிரி. ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தடுக்கும், கிருமியை எதிர்க்கும் உடம்பின் சக்தியைக் குறைக்கும், கார்னியாவைக் கட்டிவைத்திருக்கும் நாரைக் கரைக்கும் நொதிகளுக்கு வழிவிடும். அப்படிக் கரைய ஆரம்பித்த கார்னியா ஜெல்லி மாதிரி ஆகிவிடும், ஓரிரு நாளில் ஓட்டையே விழலாம். இதில் கொடுமை என்னவென்றால், போட்ட முதல் நாள் சிவப்பு குறையும், நாயும் கண்ணைத் திறக்கும். 'பார்த்தாயா, கேட்டுவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். இப்படி மூன்று நாள் நிம்மதியாக இருந்துவிட்டு நான்காம் நாள் என்னிடம் வந்த நாய்களின் கண்ணை எடுக்க வேண்டி வந்திருக்கிறது, ஒன்றுக்கு மேல்.

அதற்காக ஸ்டீராய்டையே கெட்ட மருந்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கார்னியாவில் புண் இல்லாமல் கண்ணுக்குள் மட்டும் அழற்சி இருந்தால் அதே டெக்சாமெத்தசோனை நானே எழுதிக் கொடுப்பேன். ஒரு கண்ணைக் காப்பாற்றும் மருந்து இன்னொரு கண்ணைக் கெடுக்கிறது, இரண்டும் வெளியில் ஒரே மாதிரிச் சிவப்பாக இருக்கின்றன. பிரித்துக் காட்டுவது ஒரு சின்னக் காகிதத் துண்டு. ஃபுளோரசீன் என்ற ஆரஞ்சுச் சாயம் தோய்த்த தாள் அது. கண்ணில் தொட்டுவிட்டுத் தண்ணீரால் கழுவி, நீல விளக்கடித்துப் பார்த்தால், மேல்தோல் போன இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். இரண்டு நிமிட வேலை, நாய்க்கு வலிக்காது. அந்தத் தாளின் விலை சில வெள்ளிதான். நாய்க் கண்ணில் இந்தச் சாயம் போட்டுப் பார்க்காமல் யாராவது ஸ்டீராய்டு கலந்த சொட்டைக் கொடுத்தால், அது மருத்துவராகவே இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள்.

அதோடு இன்னும் இரண்டு சோதனை செய்வோம். கீழ் இமைக்குள் ஒரு தாள் துண்டை ஒரு நிமிடம் வைத்துக் கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்ப்பது ஒன்று. 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் கண் வறண்டிருக்கிறது. அப்புறம் கண் அழுத்தம். நாய்க்கு ஏறக்குறைய 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கலாம். யுவைட்டிஸில் இறங்கும், கிளாக்கோமாவில் ஏறும். அழுத்தம் பார்க்கும் கருவி விலை அதிகம், சின்ன ஊர்க் கிளினிக் எல்லாவற்றிலும் இருக்காது. போவதற்கு முன்னால் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள், அவர்களுக்கு ஆடு மாட்டு வேலைதான் அதிகம் என்றாலும் எங்கே போகலாம் என்று வழி சொல்வார்கள்.

புண் என்று தெரிந்தால் வைத்தியம் பெரும்பாலும் எளிமையானது. ஸ்டீராய்டு கலக்காத கிருமிக்கொல்லிச் சொட்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. வலி அதிகமிருந்தால் அட்ரோபின் சொட்டு. அது தொண்டைக்குள் இறங்கினால் கசக்கும், நாய் வாயில் நுரை தள்ளும், பயந்துவிடாதீர்கள். அட்ரோபினையும் மருத்துவர் சொல்லாமல் போடக்கூடாது, அழுத்தம் ஏறிய கண்ணுக்கு அது ஆகாது. கண்ணைச் சொறியவிடாமல் தடுக்கக் கழுத்தில் கூம்பு கட்டாயம். வாங்கக் காசில்லையென்றால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டினால் போதும். இரண்டு நகம் பட்டால் ஒரு வார மருந்தின் பலன் போய்விடும். இரண்டு மூன்று நாளில் மறுபடி காட்டிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். புண் ஆழமாகவோ கரைவதாகவோ இருந்தால் நாயின் ரத்தத்தையே எடுத்து, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை கண்ணில் விடுவோம். கார்னியாவைக் கரைக்கும் நொதியை அது அடக்கும். அதற்கும் கேட்காவிட்டால் அறுவைதான், அதை நான் ஈப்போவுக்கோ செர்டாங் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுவேன்.

புண் இல்லை, கண்ணுக்குள்தான் அழற்சி என்று வந்தால் கண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ரத்தம் எடுக்க வேண்டும். நம் பக்கம் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி கடித்துப் பரவும் எர்லிகியா என்ற கிருமி கண்ணுக்குள் ரத்தம் கசியவும் அழற்சி வரவும் காரணமாகும். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தமும் வந்தால் சந்தேகம் பலக்கும். டாக்சிசைக்கிளின் மாத்திரை நான்கு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும், பாதியில் நிறுத்தக்கூடாது. எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ், சுருக்கமாக லெப்டோ, என்ற நோயும் இதைச் செய்யலாம். அடி, கண்ணில் முற்றிய புரை என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாச் சோதனையும் செய்து முடித்தும் காரணம் பிடிபடாத யுவைட்டிஸ் நிறையவே இருக்கிறது. அப்போது அழற்சியை அடக்கிக் கண்ணைக் காப்பாற்றுவதோடு நிற்க வேண்டும். மருத்துவர் 'தெரியவில்லை' என்று சொன்னால் அவருக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தப் பதிலை வீட்டில் ஷீட்சூ, பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணில் கயிறு கயிறாகப் பீளை, கார்னியா பளபளப்பு இல்லாமல் மங்கி, மாதக்கணக்காக வந்து வந்து போகிறதென்றால் அது கண்ணீர் வற்றும் நோயாக இருக்கக்கூடும். கிருமிக்கொல்லி போட்டால் குறையும், நிறுத்தினால் திரும்பும். அதற்குச் சைக்ளோஸ்போரின் களிம்பு இருக்கிறது. பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், பெரும்பாலான நாய்களுக்கு ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கும்.

இன்றைக்கு ராத்திரி நீங்கள் என்ன செய்யலாம்? மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீரால் கண்ணைக் கழுவலாம். இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமான ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, நனைத்த சுத்தமான துணியால் பீளையை ஓரத்திலிருந்து துடைத்தெடுக்கலாம். கண்ணுக்குள் முள் குத்தி நிற்பது தெரிந்தால் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள். வலிக்காக பானடோல், இபுப்ரோஃபென் என்று வீட்டு மாத்திரை கொடுக்கக்கூடாது. இபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், தேயிலைத் தண்ணீர், விளக்கெண்ணெய் எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். என் பாட்டி நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொண்டு படுப்பார், குளிர்ச்சியாக இருக்கும் என்பார், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் திறந்த புண்ணுக்குள் எதையும் பிழிந்து ஊற்றாதீர்கள். எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தால் எங்களுக்குப் பரிசோதனை செய்வதும் சிரமம்.

உங்கள் நாய்க்குப் பொருந்தாவிட்டாலும், தோட்டத்தில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இரண்டு நிலைகள் உண்டு. எலிக்காகச் செம்பனைக்குள் நாகம் வரும். நம் பக்கத்துக் கறுப்பு நாகம் விஷத்தைத் துப்பும், குறி வைப்பது கண்ணைத்தான். நாய் திடீரென்று கத்திக்கொண்டு ஓடிவந்து, கண்ணை மண்ணில் தேய்த்து, நுரை தள்ளினால் யோசிக்காமல் குழாயைத் திறந்து 15, 20 நிமிடம் கண்ணில் தண்ணீர் ஓட விடுங்கள், பிறகு மருத்துவர். கடித்த தடயம் இருந்தால் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே வண்டியில் ஏற்றுங்கள். ரப்பர் பாலில் சேர்க்கும் அம்மோனியா, பாலை உறைய வைக்கும் ஆசிட், புல் மருந்து எது தெறித்தாலும் இதே தண்ணீர்தான் முதல் வைத்தியம். ஆசிட்டைவிட அம்மோனியா ஆழமாக இறங்கும், அதனால் அதற்கு இன்னும் அதிக நேரம் கழுவுங்கள்.

குழந்தை விஷயம். முள் குத்திய புண்ணோ வறண்ட கண்ணோ கிளாக்கோமாவோ யாருக்கும் ஒட்டாது. பீளையைத் துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துடைத்த துணியைத் தனியாகப் போடுங்கள், அது போதும். நான் விதிவிலக்காகச் சொல்வது லெப்டோ மட்டும். காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை மாதிரி நாயின் கண்ணும் ஈறும் மஞ்சளாக மாறுவது என்று ஏதாவது இருந்தால், அவனுடைய மூத்திரம் பட்ட இடத்தில் குழந்தையைத் தவழ விடாதீர்கள், மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

நாளைக்குப் போகும்போது அம்மாவின் மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே ஒரு சொட்டு போட்டிருந்தால் திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். எத்தனை சொட்டு, எந்த நாள் என்று சொன்னால் அந்தக் கண்ணை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அப்பாவையும் கூட்டிப் போக முடிந்தால் நல்லது. மூன்று நாளைக்கு முன்னால் எந்த நிரையில், எந்த மட்டைக் குவியலுக்குள் தலையை விட்டான் என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.